பட்டியலில் இரண்டு ஒன்றுகள்

2002ஆம் ஆண்டு தென் கொரியாவின் பூசான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த நாட்களில், நான் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தேன். ஆடவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலின் முடிவுப் பட்டியலில், தென் கொரியாவின் கிம் மின் சுக் பெயருக்கு முன்னால் 1 என்றும், அடுத்த வரியில் உஸ்பெகிஸ்தானின் ராவில் நச்சாயெவ் பெயருக்கு முன்னாலும் 1 என்றும், அதற்கும் கீழே 3 என்றும் இருந்தது. பட்டியலை அனுப்பிய செய்தி ஏஜென்சியில் யாரோ தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று நானே தீர்மானித்து, இரண்டாவது 1ஐ 2 ஆக்கி, நச்சாயெவுக்கு வெள்ளி என்று எழுதிப் பக்கத்தை முடித்தேன். வலது ஓரத்தில் இருவருக்கும் ஒரே நேரம் குறிக்கப்பட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் செய்தி ஆசிரியர் வேறொரு நாளிதழை என் மேசையில் விரித்து வைத்தார். அதில் இருவருக்கும் தங்கம். வெள்ளி யாருக்கும் இல்லை. இத்தனைக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிட்னி ஒலிம்பிக்கில் இதே 50 மீட்டரில் அமெரிக்கர்களான கேரி ஹாலும் அந்தோணி எர்வினும் 21.98 விநாடிகளில் ஒன்றாகச் சுவரைத் தொட்டுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட செய்தியை எழுதியவனும் நான்தான். அன்று ஏற்படாத சந்தேகம் பூசானில் ஏன் ஏற்பட்டது என்று யோசித்தால், கடலைத் தொட இரண்டு நாட்டு எல்லைகளைக் கடக்க வேண்டிய ஒரு நாட்டிலிருந்து நீச்சலில் முதலிடம் வருமா என்ற நினைப்புதான் காரணம். அந்த இடத்தில் ஜப்பானியப் பெயர் இருந்திருந்தால் நேரத்தைச் சரிபார்த்திருப்பேன்.

நீச்சலில் நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடியோடு ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் சுவீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடியில் வென்ற பின்னரே விதி மாறியது. 50 மீட்டரை ஏறக்குறைய 23 விநாடிகளில் கடப்பவர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் நகர்வது இரண்டு மில்லிமீட்டர்தான். குளத்தின் பாதைகளோ ஒன்றுக்கொன்று மூன்று சென்டிமீட்டர் வரை நீளம் வேறுபடலாம் என்று கட்டுமான விதியே அனுமதிக்கிறது. அதற்கு மேல் நுணுக்கமாக அளந்தால், நீந்தியவர்களை அல்ல, கொத்தனாரின் வேலையைத்தான் அளந்ததாகும்.

திருத்தம் நான்கு வரிகளில், ஏலக்கடை விளம்பரத்துக்கு மேலே வெளிவந்தது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் வந்தபோது, 50 மீட்டர் தகுதிச் சுற்றுகளின் பட்டியலில் முதலில் நச்சாயெவின் பெயரைத்தான் தேடினேன். அவர் அந்தச் சுற்றைத் தாண்டவில்லை. இருந்தாலும், பூசானில் தங்கம் வென்றவர் என்ற குறிப்போடு அவரைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். இடம் போதவில்லை என்று பக்கம் கட்டியவர் அதை எடுத்துவிட்டார்.