மீன்தொட்டிக்குள் அப்பா

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு, பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக அம்மாவும் என் மனைவியும் சாலையோரம் நிற்க, நானும் மைத்துனனும் அப்பாவின் மாருதியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அதே வரவேற்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த உறவினர் ஒருவரும் வண்டியை நிறுத்தவில்லை, கையசைத்துவிட்டுப் போனார்கள். மைத்துனன் கை வைத்த பொருளை நாங்கள் தள்ளுவதோ தூக்குவதோ, கிரைண்டர் விவகாரத்துக்குப் பிறகு, யாருக்கும் செய்தியன்று.

எல்லாம் என் ஆசையில் தொடங்கியது. அலுவலக நண்பரின் பழைய வோக்ஸ்வாகனில் ஒருநாள் இரவு வந்தபோது, டாஷ்போர்டின் நீல வெளிச்சத்தில் மீட்டரின் சிவப்பு முட்கள் நகர்வதைப் பார்த்துவிட்டேன். அதன்பின் எங்கள் வண்டியின் மங்கிய பச்சை, மருத்துவமனை வராந்தாவை நினைவூட்டத் தொடங்கியது. சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் ஒரு டஜன் நீல எல்இடி பல்புகளை வாங்கி வந்தேன். "டாஷ்போர்டைக் கழற்றுவது அரை மணி நேர வேலை, மாமா" என்றான் மைத்துனன். அந்த அரை மணி நேரம் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நான்கு வரை நடந்தது.

மீட்டர் பெட்டியை வெளியே இழுக்க, பின்னாலுள்ள ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கண்ணால் பாராமல், விரல் நுனியாலேயே தடவிக் கழற்ற வேண்டியிருந்தது. பல்பு ஹோல்டர்கள் கால் சுற்றில் வந்துவிட்டன. மீட்டருக்கு வெளிச்சம் தரும் ஒவ்வொரு பழைய பல்பின் தலையிலும், தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானைப் போல ஒரு குட்டிப் பச்சை ரப்பர் உறை இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் பார்த்த பச்சை அந்த உறையின் பச்சைதான். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு என்பது பாதி பல்புகள் எரியாமல் போன பிறகே மைத்துனனுக்கு நினைவுக்கு வந்தது. எரியாதவற்றைப் பிடுங்கித் திருப்பிச் செருகினோம். வெளிச்சத்துக்கான நான்கை மட்டும் மாற்றி நிறுத்தியிருக்கலாம். கையில் மீதி எட்டு இருக்கும்போது எந்த மனிதன் நிறுத்துவான்? ஆயில், பேட்டரி, கைப்பிரேக் என்று எச்சரிக்கை விளக்குகள் ஐந்தையும் மாற்றிவிட்டோம்.

சாவியைத் திருப்பியதும் நீலம் பொங்கி வழிந்தது. அப்பா குனிந்து பார்த்து, "மீன்தொட்டி மாதிரி இருக்கிறது" என்றார். பேட்டரி விளக்கு எரியவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் நல்லதுதானே என்று நான் மகிழ்ந்தேன்.

வரவேற்புக்காக உத்திரமேரூருக்குப் போகும்போது அப்பாதான் ஓட்டினார். நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவருக்கு டாஷ்போர்டில் நீலம் என்றால் ஒரே பொருள்தான்: ஹைபீம் எரிகிறது, டிம் செய்ய வேண்டும். இப்போது கண்ணெதிரே எல்லாமே நீலம். கை தானாகப் போய் டிம்மில் இருந்ததைப் பிரைட் ஆக்கியது. அப்போதும் நீலம் போகவில்லையே என்று மறுபடி தட்டியது. செங்கல்பட்டைத் தாண்டியதிலிருந்து எதிரே வந்த லாரிகளுக்கெல்லாம் நாங்கள் ஏதோ சங்கேத மொழியில் தகவல் அனுப்பிக்கொண்டே போனோம். அவர்கள் அனுப்பிய பதில்களை அம்மா காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். புரை விழத் தொடங்கிய கண்ணுக்கு நீலம் சிதறிக் கூசும் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. "கொஞ்சம் பழகட்டும்" என்று மட்டும் அப்பா சொன்னார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஹெட்லைட் வெளிச்சம் முதலில் மஞ்சளாகி, பிறகு குத்துவிளக்காகி, பிறகு திரி மட்டும் சிவந்து நின்றது. கடைசியில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. உள்ளே நீலம் மட்டும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் அதிகம் பேசவில்லை. பேட்டரி விளக்கு வெறும் விளக்கன்று என்றார். அந்தப் பழைய பல்பின் வழியாக ஓடும் மின்சாரம்தான் வண்டி கிளம்பும்போது, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறதாம். 12 வோல்ட்டில் 3 வாட் பல்பு என்றால் கால் ஆம்பியர் போகும். எல்இடியில் போவது அதற்கு உறைபோடக் காணாது. ஆல்டர்னேட்டர் தூங்க, வண்டி முழுக்கப் பேட்டரியிலேயே ஓடியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய விளக்கோ, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீல எல்இடி என்பதால் எரிந்தாலும் தெரியாது. இதற்கு அவர் வாங்கிய 800 ரூபாயில் பாதியை மைத்துனனிடம் கேட்டேன், அவன் தன் அக்காவைப் பார்த்தான், நான் கேட்காதவனாகிவிட்டேன்.

பழைய பல்புகளைத்தான் ஞாயிறன்றே குப்பையில் போட்டாயிற்றே, புதிதாக எங்கே தேடுவது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அப்பா உள்ளே போய்ப் பல்பொடி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்பது பல்புகளும், பச்சை உறைகளும், துடைத்து, பஞ்சு வைத்து அதில் இருந்தன. பல்புகளை எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

"அந்த இரண்டும் வண்டிக்கு இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது ரேடியோவைப் பிரித்துப் போட்டாயே, அதன் டயல் லைட்" என்று சொல்லி, அவற்றை மட்டும் எடுத்து மறுபடியும் டப்பாவில் போட்டு மூடினார்.