மூன்று கிலோ பாலக்கீரை, ஒரு சொட்டு நீலம்

ஜூன் 9

காலையில் மார்க்கெட்டில் மூன்று கிலோ பாலக்கீரை. "கல்யாண வீடா?" என்றார் கீரைக்காரம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இலையில் எலக்ட்ரான் சுமக்கும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தைப் பிரித்தெடுக்கப் போகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? இரவு எட்டு வரை குளிரறையில் அரைத்து வடித்ததில் விரல் மரத்துவிட்டது.

ஜூன் 11

பச்சை நீங்கிய கரைசலை ரெசின் குழாயில் விட்டேன். ரெசினுக்கு நேர்மின்னேற்றம். நம் பிளாஸ்டோசயனினின் ஒரு பக்கம் முழுக்க அஸ்பார்டேட், குளூட்டமேட் என எதிர்மின்னேற்ற அமினோ அமிலங்கள். கப்பென்று பிடித்துக்கொண்டது. உப்பை மெல்ல ஏற்றியதும் விட்டுவிட்டது.

வந்தது என்னவோ வெறும் தண்ணீர் மாதிரி. வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் உறைத்தது: எலக்ட்ரானைச் சுமந்திருக்கும்போது இதற்கு நிறமே கிடையாது. எலக்ட்ரானைப் பறிக்கும் ஃபெர்ரிசயனைடு ஒரு துளி விட்டதும் நீலம்! ஒளி உறிஞ்சும் வரைபடத்தில் 597 நானோமீட்டரில் அழகான மேடு. எல்லாம் ஒரே ஒரு செம்பு அணுவின் வேலை. இரண்டு ஹிஸ்டிடின், ஒரு சிஸ்டீன், ஒரு மெத்தியோனின் என நான்கு அமினோ அமிலங்கள் சேர்ந்து அதைப் பிடித்திருக்கின்றன. 1978-இல் சிட்னியில் ஹான்ஸ் ஃப்ரீமன் குழு பாப்லர் இலைப் புரதத்தின் படிகத்தில் கண்டது இது.

ஜூன் 16

இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலக்காய்டு பைக்குள், சைட்டோகுரோம் எஃப் என்ற புரதத்திடம் எலக்ட்ரானை வாங்கி, ஒளியைப் பிடிக்கும் புரதக் கூட்டமான போட்டோசிஸ்டம் 1-இல் கொடுப்பதுதான் பிளாஸ்டோசயனினின் பிழைப்பு. சைட்டோகுரோமின் மேல் லைசின் என்ற அமினோ அமிலங்கள், நேர்மின்னேற்றம். அதாவது ரெசினில் நடந்த அதே கதை. இன்று இரண்டையும் கலந்து எலக்ட்ரான் கைமாறும் வேகம் பார்த்தேன். உப்பு கூடக் கூட வேகம் சரிந்தது. வரைபடத்தைப் பார்த்து எனக்கே பெருமை.

ஜூன் 17

"அப்போ இறுக்கிப் பிடிச்சா இன்னும் வேகமா நடக்கும்ல அக்கா?" என்று சீனியரிடம் கேட்டேன்.

"ஒட்டிக்கிட்டே நின்னா அடுத்த எலக்ட்ரானை உங்க தாத்தாவா தூக்குவாரு?"

சரிதான். போட்டோசிஸ்டம் 1-இல் வந்து உட்கார்ந்த பிறகு எலக்ட்ரான் கைமாறச் சுமார் 11 மைக்ரோசெகண்ட் போதும். அதன்பின் கிளம்புவதுதான் பெரிய வேலை. எலக்ட்ரானை இழந்த பிளாஸ்டோசயனினின் பிடி ஏறக்குறைய ஆறு மடங்கு தளர்ந்துவிடுகிறது என்று 1996-இல் அளந்திருக்கிறார்கள். பட்டும் படாமலும் இருந்தால்தான் பிழைப்பு ஓடும்.

ஜூன் 20

பெருமைக்கு ஆயுசு நாலு நாள். அதே 1996-இல் கிளாமிடோமோனாஸ் பாசியில் சைட்டோகுரோம் எஃப்-இன் அந்த லைசின்களை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள செல்லில் பெரிய பாதிப்பே இல்லை! மறுமுனையில் மட்டும் கதை வேறு: போட்டோசிஸ்டம் 1-இன் லைசின் நிறைந்த துணைப்புரதத்தை எடுத்துவிட்டால் கைமாற்றம் படுத்துவிடுகிறது. ஆக, என் அழகான வரைபடம் சோதனைக்குழாயைப் பற்றியது. இலையைப் பற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

போட்டோசிஸ்டம் பக்கமும் அளந்தாக வேண்டும். இன்னும் மூன்று கிலோ வேண்டும். இந்த முறை வளைகாப்பு என்று சொல்லலாமா? கல்யாணம் முடிந்து பதினோரு நாள்தான் ஆகிறது, கீரைக்காரம்மா கணக்கில் புலி.