வேன் கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம்

நடுரோட்டில் நின்றுபோன வண்டிக்கு மெக்கானிக் அனுப்புவது, இழுத்துக்கொண்டு போவது, சர்வீஸ், பேட்டரி மாற்றுவது என்று எல்லாம் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன இல்லையா, அவர்கள் சுற்றுச்சூழல் பற்றிப் பேச ஆரம்பித்தால் அலுவலகத்தில் காகிதத்தைக் குறைத்தோம், மரக்கன்று நட்டோம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். செய்யட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது, இவர்களுடைய வேன்களோ நாள் முழுக்க ஓடுகின்றன. கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மின்சார வேன் வாங்கலாமே என்பீர்கள். வாங்கத்தான் வேண்டும். அதற்கு முன்பே, பெரிய செலவில்லாமல் புகையைக் குறைக்க ஒரு இடம் இருக்கிறது: அழைப்பை எடுப்பவரின் மேசை.

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒருவர் பதற்றமாகச் சொல்கிறார். இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வேனை அனுப்பிவிடலாம், அல்லது இன்னும் ஒரு நிமிடம் பேசலாம். சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று வேகமாகச் சத்தம் வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு டக், ஆனால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதா? ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகப்படலாம். எஞ்சின் சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கமோ இக்னிஷன் பக்கமோ பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பார்க்கில் இல்லாததுதான் காரணம் என்றால் வேனே கிளம்ப வேண்டாம். இதையெல்லாம் கேட்காமல் விட்டால் முதல் வேன் பொருந்தாத பேட்டரியோடு போய் வெறுங்கையோடு திரும்பும், பின்னாலேயே வண்டியை ஏற்றிவர ரெக்கவரி லாரி ஒன்று போகும், ஒரு சின்னப் பழுதுக்கு இத்தனை டீசல்.

அப்புறம் ஸ்டெப்னி. இப்போது வரும் பல கார்களில் அது கிடையாது, அதனால் சாதாரண பஞ்சருக்குக்கூட காரை லாரியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. பல மாடல்களுக்கும் பொருந்தும் சக்கரம் ஒன்றை வேனிலேயே வைத்திருந்தால் அந்த லாரிப் பயணம் மிச்சம். பிரிட்டனில் ஆர்ஏசி என்ற சாலை உதவி நிறுவனம் இதைச் செய்கிறது. நெரிசலான நகரத்துக்குள் வேன்கூடத் தேவையில்லை, ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சில நகரங்களில் மெக்கானிக்கை மின்சார சைக்கிளில் அனுப்புகிறது. பிரிட்டனில் ஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 1905-இல் தொடங்கியபோது அதன் ஆட்கள் சாலையில் சுற்றி வந்ததும் சைக்கிளில்தான்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் ஏசி கேஸ், எனக்கு அதில்தான் உண்மையான கோபம். ஆர்134ஏ என்ற கேஸ் இன்னும் ஏராளமான பழைய கார்களில் ஓடுகிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு காரில் அரை கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 700 கிலோ ஆகிறது, அதாவது 250 லிட்டருக்கும் மேல் டீசல் எரித்ததற்குச் சமம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது, வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்திட்டோம்" என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பது, அந்த கேஸை மெதுவாக வானத்துக்கு அனுப்பிவைப்பதுதான். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும், குழாயைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் போடும் புதிய கார்களில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு, ஆனால் பழையவை சாலையை விட்டுப் போக இன்னும் காலம் ஆகும்.

பழைய எஞ்சின் ஆயில் சாக்கடைக்குப் போகாமல் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும், பழைய பேட்டரியின் ஈயம் முறையான உருக்காலைக்குப் போக வேண்டும். இரண்டையும் திரும்பப் பயன்படுத்த முடியும் என்பதால் இதில் சாக்குச் சொல்ல இடமில்லை.

சார்ஜ் தீர்ந்து நிற்கும் மின்சார கார்களுக்கும் இதே கதைதான். பலவற்றைச் சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். வேனிலிருந்தே அடுத்த சார்ஜிங் நிலையம் வரை ஓடும் அளவுக்கு மட்டும் மின்சாரம் ஏற்றிவிட்டால் லாரிக்கு வேலை இல்லை.

சரி, ஒரு நிறுவனம் உண்மையிலேயே குறைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் இரண்டு எண்களைக் கேட்பேன். ஒரே பழுதுக்காக இரண்டாவது முறை வண்டி அனுப்பியது எத்தனை தடவை? வருடத்தில் வாங்கிய ஏசி கேஸ் எத்தனை கிலோ, கார்களிலிருந்து மீட்டு எடுத்தது எத்தனை கிலோ? ஆண்டறிக்கையில் மரக்கன்று எண்ணிக்கைக்கு முன்னால் இவை வரட்டும்.