காஞ்சிபுரம் இட்லி வீட்டில்

மிளகும் சீரகமும் தூவிய சாதா இட்லியை காஞ்சிபுரம் இட்லி என்று விற்கிறார்கள். அது வேறு, அசல் வேறு. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லி, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் (கூடையில்) மணிக்கணக்கில் வேகும்.

வீட்டுக்கு டம்ளர் போதும். பச்சரிசி 1 கப், உளுந்து 1 கப். 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைப் பொங்க அரையுங்கள். அரிசி மட்டும் ரவைப் பதம். நைஸாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். மாவு கெட்டியாக இருக்கணும், தண்ணியானால் மிளகு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

உப்புப் போட்டு இரவு முழுக்கப் புளித்ததும் 2 ஸ்பூன் நெய், 2 ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ச்சி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம் தலா 1 டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். (முந்திரி அவரவர் இஷ்டம். எனக்கு வேண்டாம்.)

எண்ணெய் தடவிய டம்ளரில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், வழியும். 25 நிமிடம் ஆவி. நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டக்கூடாது. சூட்டோடு கவிழ்த்தால் உடையும், 5 நிமிடம் ஆறட்டும். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி.