முட்டத்துப் பாறையும் 30 ரூபாய் மணலும்

கன்னியாகுமரிக் கடற்கரையில் 30 ரூபாய் கொடுத்து வண்ண மணல் பொட்டலம் ஒன்றை வாங்கினேன். அம்மனின் திருமணம் நின்றுபோனதால் சமைக்கப்படாத அரிசியும் பருப்பும் மணலாகிவிட்ட கதையையும் அதே விலைக்குள் விற்ற அம்மா சொல்லிவிட்டார். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு மணிகள் கார்னெட் என்னும் கனிமம் என்பதும் கறுப்பு இல்மனைட் என்னும் கனிமம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தபடியால், கார்னெட்டை அது பிறந்த பாறையிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. என் பட்ஜெட் கெட்டது அங்கேதான்.

நாகர்கோவிலில், அந்தப் பாறை இருக்கும் கடற்கரை ஊரான முட்டத்துக்குப் போகும் பேருந்துக்காக முக்கால் மணி நேரம் நின்றும், வந்ததில் படிக்கட்டில்கூட இடமில்லாததால், 450 ரூபாய் பேசி ஆட்டோவில் ஏறினேன். இறங்கும்போது, கலங்கரை விளக்கம் வரை வந்ததற்குத் தனிக்கணக்கு என்று ஓட்டுநர் 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். பேசிய கூலிக்கு மேல் கேட்பது எந்த ஊரிலும் நியாயமில்லை.

பாறையைக் கண்டதும் அந்தக் கோபம் தணிந்தது. அலை கழுவிய கல்லில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் வளைந்து நெளிந்து ஓடின. நடுவே மிளகளவில் சிவந்த கார்னெட் மணிகள். நைஸ் என்னும் இந்த உருமாறிய பாறை உருகிக் குழம்பாகிவிடாமல், பெருமளவு திடமாக இருந்தபடியே அழுத்தத்திலும் வெப்பத்திலும் இப்படி மடிந்திருக்கிறது. கார்னெட்டும் அதை ஒட்டிய கரிய காக்காய்ப்பொன்னும் (மைக்கா) வெப்பத்துக்கேற்ப இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதால், அந்த விகிதத்தை அளந்தே பாறை எவ்வளவு சூடானது என்று கணக்கிடுகிறார்கள். தென்கோடியின் இப்பாறைகள் 800 டிகிரி செல்சியசைத் தாண்டியவை; 20 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தவை. காலத்தைச் சொல்வது மோனசைட் என்னும் கனிமம்: பக்கத்து மணவாளக்குறிச்சியில் தோரியம் என்ற கதிரியக்க உலோகத்துக்காக மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதேதான். அதிலுள்ள தோரியமும் யுரேனியமும் சீராக ஈயமாகச் சிதைவதால், சேர்ந்திருக்கும் ஈயமே கடிகாரமாகிறது. அது காட்டுவது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள்.

இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா ஆகிய நிலத்துண்டுகள் மோதி ஒட்டி, கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலம் அது. அந்நாடுகளிலும் இதே வயதில் வெந்த பாறைகள் கிடைக்கின்றன. மோதலில் பூமியின் மேலோடு தடித்து மலைத்தொடர் எழும்போது அதன் அடிப்பகுதி கீழே அமிழ்ந்து வேகிறது. இமயத்தின் அடியில் இன்றும் அதுவே நடக்கிறது. அங்கே உச்சியைப் பார்க்கிறோம்; இங்கே உச்சி முழுவதும் அரித்துக் கரைந்துபோய், நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தது மலையின் வேரில்.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் 90 ரூபாய்க்குக் கிடைத்தன. இரண்டு நாளில் கொடுத்த பணத்துக்கு வயிறும் மனமும் நிறைந்தது இங்கு மட்டுமே. நீர் வற்றிச் சுண்டிய அந்தக் கறியைத் தின்றபடியே சார்னோக்கைட்டை நினைத்துக்கொண்டேன். ஆழத்துச் சூட்டில் காக்காய்ப்பொன் தன் நீரை இழந்து, பைராக்சீன் என்னும் நீரற்ற கனிமமாக மாறும்போது உண்டாகும் கரும்பாறை அது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த சென்னைப் பகுதிக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். விவேகானந்தர் மண்டபம் நிற்பதும் சார்னோக்கைட் மீதுதான். முந்தைய நாள் படகு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று அங்கே போயும், காலடிக் கல்லைப் பார்க்காமல் திரும்பியதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

திரும்ப உட்கார இடத்துடன் பேருந்து கிடைத்தது. பையில் மணல் பொட்டலம் கொஞ்சம் கிழிந்து, சிவப்பு மணிகள் சில்லறையோடு கலந்திருந்தன. நடத்துநரிடம் பணம் நீட்டும்போது அவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.