ஜான் ஆஸ்ட்ரமும் ஹார்லெம் கல்லும்

டைனோசர் என்றாலே மந்தமான பெரிய பல்லி என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். 1964-இல் அமெரிக்காவின் மொன்டானாவில், யேல் பல்கலைக்கழகத்தின் புதைபடிவ ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் ஒரு மண்மேட்டின் சரிவில் துருத்திக்கொண்டிருந்த நகங்களைப் பார்த்தார். தோண்டியதில் அரிவாள்போல வளைந்த கால் நகமும் கிடைத்தது. அப்படி ஒரு நகத்தை வைத்து வேட்டையாடிய விலங்கு சோம்பேறியாக இருந்திருக்குமா? 1969-இல் அதற்கு டைனோனைக்கஸ் என்று பெயர் வைத்தார்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சம்பவம். 1970-இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில், பறக்கும் ஊர்வன என்று நூறாண்டுக்கும் மேலாகப் பெயர் ஒட்டி வைத்திருந்த ஒரு புதைபடிவக் கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். மங்கலாக இறகுத் தடம்! இது ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஆயிற்றே! உலகின் மிகப் பழைய பறவை என்று கருதப்பட்ட, அரிதிலும் அரிதான புதைபடிவம் அது. வாய் திறக்காமல் இரவல் வாங்கிப் போயிருக்கலாம். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டார். அப்படியும் அவரை நம்பி, ஒரு ஷூ பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். எத்தனை பேருக்கு இந்த நேர்மை வரும்!

பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1996-இல், அவர் சொன்னதற்குச் சான்றாக, சீனாவில் கிடைத்த தூவி போர்த்த டைனோசரின் படத்தைப் பார்த்தபோது அவருக்கு 68 வயது. 2005-இல் காலமானார். அப்புறம் 2017-இல் அந்த ஹார்லெம் கல்லை மறுஆய்வு செய்தவர்கள், அது பறவைச் சாயல் கொண்ட வேறொரு டைனோசர் என்று சொல்லி, ஆஸ்ட்ரோமியா என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.