பென்சிலில் போட்ட கேள்விக்குறி

"உனக்குத்தான் கண் இருக்கிறதே, பார்த்து எழுது."

எங்கள் பாம்புக் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா சொன்னது இவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொன்னார். எரிந்து விழுந்திருந்தால் ஒருவேளை நான் கொஞ்சம் நின்று யோசித்திருப்பேன்.

என் கையில் அட்டை. இனம், பால், எடை, நீளம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மிச்சம் ஊர்க் கட்டம் மட்டும்: பாம்பு எங்கே பிடிபட்டது, அல்லது அதன் தாய் தகப்பன் எந்த ஊர். கொண்டுவந்து விட்டுப்போன பெரியவர் ஏதோ ஒரு கண்காட்சியில் வாங்கியதாகச் சொன்னார். யாரிடம் வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. பாம்பைக் கட்டிக் கொண்டுவந்த தலையணை உறையை அவிழ்த்தால் முழுக்க ஆரஞ்சு. அறுத்து வைத்த பப்பாளி நிறம். முதுகுக் கோடுகள் இருந்தும் இல்லாத மாதிரி. 'எவர்கிளேட்ஸ்' என்று பேனாவில் எழுதினேன், ஃப்ளோரிடாவின் தெற்கே இருக்கும் சதுப்பு. எழுதிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நிறத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது பைத்தியக்காரத்தனம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இந்த ராட் ஸ்நேக்குகளை, அதாவது எலிப்பாம்புகளை, நான் மனசுக்குள் சாரை என்றுதான் கூப்பிடுவேன். நம்மூர்ச் சாரைக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இவை இரையைச் சுற்றி நெரிக்கும். நம் சாரை நெரிக்காமல் அமுக்கிப் பிடித்து விழுங்கிவிடும். நிறத்தில் இவற்றின் கதையே வேறு. வடக்கே நியூயார்க் பக்கம் போனால் கன்னங்கரேல். கரோலினா கரையோரத்தில் கருப்பும் மஞ்சளும் கலந்து பாசிப் பச்சை. ஃப்ளோரிடா தீபகற்பத்தில் மஞ்சள் உடம்பில் நான்கு கரும்பட்டைகள். மேற்கே, பான்ஹேண்டில் என்கிற ஃப்ளோரிடாவின் கைப்பிடி போல நீண்ட பகுதியில் சாம்பல். குஞ்சில் இருந்த திட்டுகள் வளர்ந்த பிறகும் மறையாது. தெற்கே, ஒக்கிச்சோபி ஏரிக்குக் கீழே புல் மண்டிய சதுப்பில்தான் ஆரஞ்சு. 1949-இல் நீல் என்பவர் அதற்குத் தனிப் பெயர் வைத்தார், சில்வர் ஸ்பிரிங்ஸில் பாம்புகளை வைத்து நிலையம் நடத்திய ராஸ் ஆலனின் பெயரை. மஞ்சள் பாம்புக்கு நாக்கு கருப்பு, ஆரஞ்சுக்குச் சிவப்பு. அதனால் பழைய ஆட்கள் முதலில் நாக்கைத்தான் பார்ப்பார்கள்.

நான் நாக்கைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாம்பு நாக்கை நீட்டுவது, சிவப்பாக இருப்பது, எல்லாம் கண்முன் வருகிறது. ஆனால் பிறகு இரண்டு வருஷம் அதற்குத் தண்ணீர் மாற்றியவன் நான். எந்த நாள் பார்த்த நாக்கு அது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பாட்டி, சாரையும் நாகமும் பின்னிக்கொண்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். அவர் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் சண்டை போட்டதை. கண் சரியாகத்தான் பார்த்தது, பெயர் வைத்ததுதான் தப்பு. ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன்.

சரி, கேள்விக்குறிக்கு வருகிறேன். சில மாதம் கழித்து அட்டைகளைக் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றியது நான் இல்லை. 'எவர்கிளேட்ஸ்' ஏறியது, பென்சில் ஏறவில்லை. அடுத்த வருஷம் ஒரு வளர்ப்பாளர் தன் பெண் பாம்புக்கு ஆண் தேடி வந்தார். அந்தப் பெண்ணின் பாட்டன் பாட்டி எந்தச் சாலையோரம் பிடிபட்டன என்பது வரை எழுதி வைத்திருந்த மனிதர். அந்தச் சாலையோரச் சவுக்கு மரங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். நம் சவுக்கேதான். அங்கே அதற்கு ஆஸ்திரேலியன் பைன் என்று பெயர், வந்தேறிக் களை என்று வெட்டித் தள்ளுகிறார்கள். ஆரஞ்சுப் பாம்புகளோ அதில் ஏறிக் குடியிருந்தன. அவர் கணினித் திரையைப் பார்த்தார், ஊர்ப் பெயரைப் படித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். நான் இரண்டடி தள்ளிப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு முட்டை, பன்னிரண்டு குஞ்சு. பன்னிரண்டும் எவர்கிளேட்ஸ் என்ற சீட்டோடு விலை போயின.

வாயைத் திறக்காததற்கு என்னிடம் காரணங்கள் உண்டு, நல்ல காரணங்கள். 2000-இல் ஃபிராங்க் பர்பிரிங்க் என்ற ஆராய்ச்சியாளரும் இன்னும் இருவரும் இந்தப் பாம்புகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்து எழுதினார்கள். நிறத்தை வைத்துப் பிரித்த துணையினங்கள் மரபுக் கிளைகளோடு ஒத்துப்போகவில்லை. கிழக்குக் கிளை ஒன்றிலேயே கருப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்து கிடந்தன. தவிர, சதுப்பை வடித்துக் கால்வாய் வெட்டியதிலிருந்து மஞ்சள் பாம்பு தெற்கே இறங்கி ஆரஞ்சோடு கலந்துவிட்டது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இனமே இல்லை, காட்டிலேயே கலப்பு, அப்புறம் என் கேள்விக்குறிக்கு என்ன மரியாதை?

பல ராத்திரி இதைச் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் நான் கேள்விக்குறி போட்டது இனக் கட்டத்தில் இல்லையே, ஊர்க் கட்டத்தில். இனம் பொய்யானாலும் சவுக்கு நின்ற சாலை அங்கேயேதான் இருக்கிறது. இன்னொன்று ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதிலேயே ஆரஞ்சானதைப் பொறுக்கி இணை சேர்க்கிறார்கள். அத்தனை பப்பாளி நிறத்தில் ஒரு பாம்பு வந்தால், அது சதுப்பைவிட யாரோ ஒருவருடைய அலமாரிப் பெட்டியிலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எதைப் பார்த்து நிச்சயமாக எழுதினேனோ, அதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இதுவும் ஊகம்தான், அது வேறு விஷயம்.

இரண்டரை வருஷம் கழித்து அந்த வளர்ப்பாளர் ஒரு படம் அனுப்பினார். பன்னிரண்டில் ஒன்று. பொரித்தபோது எல்லாம் ஒரே மாதிரி திட்டுத் திட்டாகத்தான் இருந்தன. ஆரஞ்சு வகைக் குஞ்சில் லேசான ரோஜாச் சாயல் தெரியும் என்பார்கள், எனக்கு அன்று தெரியவில்லை. படத்தில் இருந்தது மங்கல் மஞ்சள், நான்கு பட்டையும் அடித்து வைத்த மாதிரி. நாக்கு உள்ளே இருந்தது. "இது எப்படி?" என்று மட்டும் கேட்டிருந்தார். காட்டிலும் இப்படி வருவதுண்டு என்று அந்த அம்மா பதில் போட்டார். அது உண்மையும்கூட. நகல் எனக்கும் வந்தது. நான் எதுவும் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் பழைய இழுப்பறையைத் துழாவி அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். கேள்விக்குறி இருந்தது, அழியாமல், பளிச்சென்று. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. பாம்பை நினைத்தோ அந்த மனிதரை நினைத்தோ வந்த நிம்மதி இல்லை அது.

அந்த அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். "அவ்வளவு சந்தேகம் இருந்தால் பேனாவில் போட்டிருக்கலாமே" என்றார், அதே சிரிப்போடு. நியாயம்தான். ஆனால் பார்த்து எழுதச் சொன்னதும் அவர்தானே?

இப்போதெல்லாம் ஊர் தெரியாத பாம்பு வந்தால் 'தெரியாது' என்று பேனாவில் எழுதுகிறேன். போன மாதம் ஒரு சாம்பல் பாம்பு வந்தது. கட்டத்தை நிரப்பும்போது புதிதாகச் சேர்ந்த பையன் எட்டிப் பார்த்தான். "திட்டு மறையவே இல்லையே, பான்ஹேண்டில்தானே?" என்றான். பாம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஆமாம் என்றுதான் சொன்னேன்.